உஷார்! பளபளக்கிற பெரிய கார் ஒன்று பர்கூர் பக்கம் வருகிறது

வெள்ளை நிற ஏழு சீட்டர். பெங்களூரு நம்பர். மீட்டரில் 82,000 கிலோமீட்டர். பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். "ஒரே ஓனர் சார், ஐ.டி. கம்பெனிக்காரர், வெளிநாடு கிளம்பிட்டார், அதான் அவசரமா கொடுக்கிறார்" என்கிறார் புரோக்கர். விலை, நம்ம ஊர் நம்பர் வண்டியைவிட ஒரு லட்சம் குறைவு.

பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் குடும்பத்துக்கு ஒரு பெரிய கார் தேடி அலைந்தவர்கள் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்துவிட்டீர்களா? எடுங்கள் கையை. நீங்கள் பார்த்து மயங்கிய அந்தப் பளபளப்புதான் இந்த வியாபாரத்தின் முதல் தூண்டில். வாங்கும்போது அது உங்களை ஏமாற்றும். வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் செய்யும் வேலைகளே பெயின்ட்டைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில், மாதாமாதம் ஓட்டுகிற செலவு சத்தமில்லாமல் சேமிப்பைக் கரைக்கும்.

ஏன் நம்ம பக்கம் இது அதிகம்?

பெங்களூருக்கு இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். இன்னோவா 2005-ல் அறிமுகமான நாளிலிருந்து பெங்களூரை ஒட்டிய பிடதியில்தான் தயாராகிறது. அந்த நகரத்தின் விமான நிலைய டாக்ஸிகளிலும் கம்பெனி வண்டிகளிலும் இன்னோவா நிறைய. அங்கே ஓடித் தேய்ந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி எல்லை தாண்டுகின்றன.

சரி, ஏன் எல்லோரும் ஏழு சீட்டரையே தேடுகிறார்கள்? பின்னால் நீண்ட டிக்கி வைத்த எஸ்டேட் கார் இந்தியாவில் எடுபடவே இல்லை. டாடா 1992-ல் 'எஸ்டேட்' என்ற பெயரிலேயே ஒன்றைக் கொண்டுவந்தது. 2004-ல் இண்டிகோ மெரினா வந்தது. இரண்டுமே போன இடம் தெரியவில்லை. தாத்தா பாட்டி, பிள்ளைகள், ஜவுளி மூட்டை, மாம்பழப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருப்பதியும் தர்மஸ்தலாவும் போய்வர நமக்கு அமைந்த வண்டிகள் இன்னோவாவும், 2012-ல் வந்த எர்டிகாவும்தான். கிராக்கி அதிகம் உள்ள சரக்கில்தான் கலப்படமும் அதிகம்.

உஷார் 1: மீட்டர் சொல்வது வேதவாக்கு அல்ல

ஒரு டாக்ஸி நாளுக்கு 200 கிலோமீட்டர் வீதம் வருடத்தில் 300 நாள் ஓடினால் 60,000 கிலோமீட்டர். ஐந்து வருடத்தில் மூன்று லட்சம். அந்த வண்டியை ஓன் போர்டாக (சொந்த உபயோக வண்டியாக) மாற்றி, மீட்டரைக் குறைத்து, பாலிஷ் போட்டு நிறுத்தினால் 82,000 ஆகிவிடும். டிஜிட்டல் மீட்டர் என்றால் குறைக்க முடியாது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். லேப்டாப் இணைத்துச் செய்கிற வேலை அது.

மீட்டரைக் குறைக்கலாம். தேய்மானத்தைக் குறைக்க முடியாது. கிளட்ச், பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று இருக்கிறதா? ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் மட்டும் மினுங்குகிறதா? டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிழிந்திருக்கிறதா? பெடல், ஸ்டீயரிங் கவர், சீட் கவர் மூன்றும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளோடு முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் தயாரான டயர். வண்டி 2017 மாடல், மீட்டரில் 35,000, ஆனால் நான்கு டயரும் 2021-ல் வந்தவை என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். பழைய பில்கள் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். 2019 பில்லில் 1,40,000 என்று பதிவாகியிருக்கும் வண்டி இன்று 82,000 காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மீட்டரைக் குறைத்து விற்பது ஏமாற்று வேலை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்கீழ் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்து நடையாய் நடப்பதைவிட வாங்காமல் வருவது சுலபம்.

உஷார் 2: மின்னும் பெயின்ட்டுக்கு அடியில் என்ன?

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 மைக்ரானை ஒட்டித்தான் வரும். டிங்கரிங் செய்து மறுபடி பெயின்ட் அடித்த இடத்தில் இது 200-ஐத் தாண்டும். உள்ளே பட்டி வைத்திருந்தால் இன்னும் பல மடங்கு ஏறும். பெயின்ட் தடிமன் பார்க்கும் சிறிய மீட்டர் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய கார்களைச் சோதித்துத் தருபவர்களிடமும் இருக்கும். ஒரு கதவில் 110, பக்கத்துக் கதவில் 450 என்றால் அந்த இடம் எப்போதோ நசுங்கியிருக்கிறது. கூரையில் 400 காட்டினால் வண்டி கவிழ்ந்ததா என்று கேளுங்கள்.

மீட்டர் இல்லையா? காலை வெயிலில் பாருங்கள். மாலையில், டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டி பார்க்கவே பார்க்காதீர்கள். கதவுக்குக் கதவு நிறம் மாறுகிறதா, கண்ணாடி ரப்பரில் பெயின்ட் தெறித்திருக்கிறதா, பானெட்டுக்குள் ஃபெண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் பாலிஷ் போட்டால் மின்னத்தான் செய்யும். சென்னை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் மூழ்கியது. பெங்களூரின் ஐ.டி. பகுதிகள் 2022 செப்டம்பரில் மிதந்தன. அப்போது நனைந்த கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்று நினைக்கிறீர்களா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா? ஏ.சி. போட்டதும் புழுங்கிய வாடை வருகிறதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஒயரிங் கோளாறு உங்களை வருடக்கணக்கில் விடாது.

உஷார் 3: கே.ஏ. நம்பரும் காகித வேலையும்

ஒரு லட்சம் குறைவு என்று சொன்னார்களே, அது எங்கே போகும் என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். கர்நாடக ஆர்.டி.ஓ.விடமிருந்து ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி., கடன் இருந்தால் அதை நீக்கும் ஃபார்ம் 35, பிறகு தமிழ்நாட்டில் வண்டியின் வயதைப் பொறுத்து லைஃப் டாக்ஸ் என்று வரிசையாக நிற்கும். அதன் பிறகுதான் கிருஷ்ணகிரியின் டி.என். 24 நம்பரோ ஓசூரின் டி.என். 70 நம்பரோ கிடைக்கும். இந்தத் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வாங்கும் விலையோடு கூட்டுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் அதற்கு அலைவது நீங்கள், புரோக்கர் அல்ல.

"என்.ஓ.சி. பின்னாடி வரும் சார்" என்றால் பணமும் பின்னாடியே வரட்டும். வண்டி டி போர்டாக (டாக்ஸியாக) இருந்ததா என்பது ஆர்.சி. வரலாற்றில் தெரிந்துவிடும். பெங்களூரு கேமராக்களில் சிக்கிய அபராதங்கள் நிலுவையில் இருக்கின்றனவா என்று இ-சலான் தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய பாக்கிகளை வசூலிக்க 2023 பிப்ரவரியில் பெங்களூரில் 50 சதவீதத் தள்ளுபடியே கொடுத்தார்கள் என்றால் குவிந்துகிடந்த அளவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் இடத்தை மாற்றுங்கள்.

உஷார் 4: டீசலோடு முடிகிற கணக்கு இல்லை

"லிட்டருக்கு 12 கொடுக்கும் சார்." சரி, அதையே வைத்து மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் இன்னோவா ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். மாதம் 1,500 கிலோமீட்டர், அதாவது வருடத்துக்கு 18,000. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 1,39,500 ரூபாய். டயர் தேய்மானம் 12,000. இரண்டு சர்வீஸ் 18,000. இன்ஷூரன்ஸ் 18,000. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரசர், இன்ஜெக்டர் என்று வயதான வண்டி கேட்கும் வேலைகளுக்கு 30,000. கூட்டினால் 2,17,500 ரூபாய். கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதில் டீசல் ஏழே முக்கால்தான். இவை உத்தேசத் தொகைகள். உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் டீசலுக்கு மட்டும் கணக்குப் போட்டு வண்டி வாங்கினால் மூன்றில் ஒரு பங்குச் செலவு உங்கள் கண்ணிலேயே படாது.

பழைய 2.5 லிட்டர் இன்னோவா என்றால் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று முதலில் கேளுங்கள். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். மீட்டரைக் குறைத்த வண்டியில் அந்தக் கிலோமீட்டர் எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். வாங்கும் முன்பே பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்டுப் பாருங்கள். இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 எஞ்சினிலும் எர்டிகாவின் பழைய 1.3 டீசலிலும் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். 2022 ஜூனில் அமலான கட்டணத்தில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். இரண்டுக்கும் மேல் ஜி.எஸ்.டி. இன்னோவாவுக்கும் எர்டிகாவுக்கும் இங்கேயே இவ்வளவு தூரம். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது ஆளோடு போவது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாமல் விட்டால், மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு நிற்கவே முடியாமல் போகலாம்.

பெட்ரோல் வண்டியா? இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. பழைய கார்களில் இதனால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வாஷர்களையும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

மிச்சம் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. ஓசூர் போகக் கிருஷ்ணகிரி டோல், சென்னைப் பக்கம் போக வாணியம்பாடி, பள்ளிகொண்டா என்று அடிக்கடி கடப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் இருக்கிறது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய்; 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. அந்த விலையில் ஒரு தடவைக்கு 15 ரூபாய். சொந்த உபயோக வண்டிக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும் செல்லும். பாஸ் வண்டி நம்பரோடு கட்டப்பட்டது. மறுபதிவு முடிவதற்கு முன் கே.ஏ. நம்பரில் எடுத்துவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை உடனே மூடச் சொல்லுங்கள்.

உஷார் 5: பெயின்ட்டைத் தின்னும் பர்கூர் தூசு

வாங்கியாயிற்று. இனி இதைக் காப்பாற்ற வேண்டும். நம் ஊரில் பெயின்ட்டின் முதல் எதிரி வெயில் என்று நினைத்தால் தவறு. கல் தூசுதான். கிரானைட் குவாரி, பாலிஷ் பட்டறை, கிரஷர், தார்பாய் மூடாமல் போகிற ஜல்லி லாரி, எம்-சாண்ட் லாரி என்று எங்கும் கல் பொடி. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தியின் இரும்பு ஐந்தரைதான். உங்கள் கிளியர் கோட் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. தூசு படிந்த பானெட்டைக் காலையில் உலர்ந்த துணியால் 'ஒரு தட்டு தட்டித் துடைப்பது' உப்புத்தாளால் தேய்க்கும் வேலைதான். சூரிய வெளிச்சத்தில் வட்ட வட்டமாகச் சிலந்தி வலைபோலத் தெரிகிறதே, அத்தனையும் இந்தத் துடைப்பின் தழும்பு.

ஜவுளிக் கடைகள் நிறைந்த பர்கூரில் துணிக்கா பஞ்சம் என்று கிழிசலையும் பனியன் வேஸ்ட்டையும் காரில் வைக்காதீர்கள். அதன் தையலும் அதில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மண்ணும் கீறும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசை இறக்குங்கள். இரண்டு பக்கெட் வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணிப் பவுடரும் வேண்டாம். போட்டிருக்கும் வாக்ஸையும் அவை கழற்றிவிடும். தூசு படிந்த காரின்மேல் கவர் போட்டு மூடுவதும் தப்பு. காற்றில் கவர் அசைய அசைய அடியில் தூசு அரைக்கும்.

அடுத்தது போர் தண்ணீர். ஃபுளோரைடு தொல்லையால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வர வேண்டியிருந்த வட்டாரம் இது. நிலத்தடி நீரின் உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உச்சி வெயிலில் கழுவித் தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாக உறையும். நாளாக நாளாக அது கிளியர் கோட்டுக்குள் இறங்கும். காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, ஈரம் காயும் முன் ஒற்றி எடுங்கள்.

மாமரத்து நிழல் குளுமைதான்; காருக்கு ஆகாது. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி கசியவிடும் தேன்போன்ற பிசின் பானெட்டெல்லாம் ஒட்டும், அதன்மேல் கரும்பூசணம் படரும். காய்க்கும் பருவத்தில் மாம்பால் சொட்டும். பறவை எச்சத்தையும் மாம்பாலையும் அன்றைக்கே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் வெயில் அதைப் பெயின்ட்டோடு வேகவைத்துவிடும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க வேண்டாம் என்று யார் சொல்வார்? கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். பானெட்டில் குழைத்துப் பூசிய சந்தனமும் குங்குமமும் பத்து நாள் காய்ந்தால் கறை நிற்கும். மாவிலைத் தோரணத்துக்கு ஒட்டும் செல்லோ டேப்பை அன்று இரவே எடுங்கள்.

ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். கல் பட்டுப் பெயின்ட் தெறித்தால் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும் கலர் கோடு பார்த்து டச்-அப் பெயின்ட் வாங்கி உடனே அடைத்துவிடுங்கள். துருவுக்கு ஒரு புள்ளி இடம் போதும்.

உஷார் 6: பளபளப்பு விற்கும் கடைகள்

"ரப்பிங் பாலிஷ் போட்டா ஷோரூம் லுக் சார்." ஒவ்வொரு ரப்பிங்கும் கிளியர் கோட்டில் சில மைக்ரானைச் செதுக்கித்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவருகிறது. முந்தைய உரிமையாளர் எத்தனை தடவை செதுக்கினாரோ? விற்பதற்காக ஒரு தடவை நிச்சயம். நீங்கள் வருடாவருடம் தீபாவளிக்கு ஒன்று என்று போட்டால் கூரையும் பானெட்டும் வெளுத்துத் தோல் உரியும். அதற்குப் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயின்ட்தான். கீறல் அதிகமில்லையா, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாக்ஸ் போதும்.

செராமிக் கோட்டிங் தண்ணீரை உருட்டிவிடும், கழுவுவது சுலபமாகும். கல் அடியை அது தடுக்காது. செத்துப்போன கிளியர் கோட்டை எழுப்பாது. கல் அடியைத் தாங்குவது பி.பி.எஃப். என்ற தடித்த ஒட்டுப் படலம். பழைய வண்டி முழுக்க அதை ஒட்டுவது வீண். முன் பம்பருக்கும் பானெட் நுனிக்கும் மட்டும் ஒட்டினால் போதும். 'வாழ்நாள் வாரன்ட்டி' என்று எழுதித் தருகிறார்களா? எழுதிய பொடி எழுத்தைப் படியுங்கள்.

வண்டி உரசி பெயின்ட் வேலைக்கு இன்ஷூரன்ஸ் கேட்டால் முழுப் பணமும் வராது. மோட்டார் டாரிஃப் விதிப்படி பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 20,000 ரூபாய் பெயின்ட் பில்லுக்கு 2,500 இதிலேயே போகும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போட்டு போனஸையும் இழப்பது நஷ்ட வியாபாரம். நிறத்தையே மாற்றப் போகிறீர்களா? ஆர்.சி.யிலும் நிறம் மாற வேண்டும். இல்லையென்றால் சோதனையில் மாட்டுவீர்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை

பழைய வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கியதும் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று நவீன் குமார் என்பவரின் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைமாறிப்போன வண்டி யாரையாவது மோதினால் இழப்பீட்டுக்கு உங்களைத் தேடி வருவார்கள். எல்லைச் சோதனைச்சாவடிகளில் குட்காவும் கர்நாடக மதுவும் கார்களில் பிடிபடும் வட்டாரம் இது. முதல் போன் யாருக்கு வரும் என்று யோசியுங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை விடாதீர்கள்.

முடிவாக: கார் வாங்கப் போகும்போது புரோக்கரை மட்டும் நம்பிப் போகாமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது அழைத்துப் போங்கள். சர்வீஸ் வரலாறு, என்.ஓ.சி., பெயின்ட் தடிமன், (பெல்ட் உள்ள வண்டி என்றால்) டைமிங் பெல்ட் பில், நிலுவை அபராத விவரம் ஆகிய ஐந்தும் கையில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதல் வருடச் செலவுக்கு வாங்கும் விலைக்கு மேல் ஒரு லட்சமாவது தனியே இல்லை என்றால் இப்போதைக்குச் சின்ன வண்டியே நல்லது. பளபளப்பு இல்லாத, கோடு விழுந்த, ஆனால் பில் எல்லாம் சரியாக வைத்திருக்கும் வண்டி ஒன்று கிடைத்தால், தயங்காமல் அதை வாங்குங்கள்.